கருவேலமரம் என்று எழுதிவிட்டேன்

2017 மார்ச் மாதத்தில் என் பெயருக்கு ஓர் இன்லண்டு லெட்டர் வந்தது. லேக் மார்க்கெட் பக்கத்துச் சந்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இப்போதெல்லாம் மின்சாரக் கட்டணச் சீட்டும் எப்போதாவது ஒரு கல்யாணப் பத்திரிகையும்தான் தபாலில் வரும். எழுதியிருந்தவர் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். கையெழுத்து அச்சுக் கோத்தது மாதிரி இருந்தது.

“ஐயா, தாங்கள் தமிழாக்கிய நூலை எங்கள் பள்ளி ஏழாம் வகுப்பில் வாசித்தோம். கருவேலமரங்கள் அடர்ந்த மலைச்சரிவில் ஊற்று வற்றுவதில்லை என்று 11ஆம் பக்கத்தில் உள்ளது. இங்கே நீதிமன்ற உத்தரவு வந்து, ஊர் கூடிக் கருவேலை வெட்டிக்கொண்டிருக்கிறோம். அது நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று போன வாரம்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டில் எது சரி என்று கேட்கிறார்கள். தயவுசெய்து விளக்கவும்.”

படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அந்த வரியை நான் எழுதியபோது எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சந்தேகத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டு மேலே போனவன் நான்.

அது இமயமலைக் கிராமங்களில் ஊற்றுகள் வற்றுவது பற்றிய 24 பக்கச் சிறு புத்தகம். ஆங்கிலத்தில் வந்ததை ஒரு தொண்டு நிறுவனம் பல மொழிகளில் போட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி இப்படிச் சில்லறை மொழிபெயர்ப்புகள் செய்துவந்தேன். மூலத்தில் ஏழு இடங்களில் ‘ஓக்’ மரம் வந்தது. ‘ஓக்’ என்றே எழுதினால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன புரியும்? தமிழில் ஏதாவது பெயர் வேண்டும் என்று யோசித்தேன்.

யோசித்தபோது பாளையங்கோட்டையில் நான் படித்த மிஷன் பள்ளி ஞாபகத்துக்கு வந்தது. வேதபாட வகுப்பில் அப்சலோம் கதை நடத்துவார்கள். தகப்பன் தாவீது ராஜாவுக்கு எதிராகக் கிளம்பிய பிள்ளை. கோவேறு கழுதையில் ஏறிப் போகும்போது பெரிய கர்வாலி மரத்தின் கிளைகளில் அவன் தலை மாட்டிக்கொள்ளும். கழுதை ஓடிப்போகும், அவன் அந்தரத்தில் தொங்குவான். ஆங்கில வேதாகமத்தில் அந்த மரம் ஓக். தமிழ் வேதாகமத்தில் கர்வாலி. நாங்கள் யாரும் கர்வாலி என்ற மரத்தைக் கண்டதில்லை. ஆனால் தலைமுடி மாட்டிக்கொள்கிற மரம் எது என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். கண்மாய்க் கரையில் ஆடு மேய்க்கிற எந்தப் பையனுக்கும் தெரியும். ஆகவே கர்வாலி என்பது கருவேலத்தின் வேதாகமப் பெயர் என்று பத்து வயதில் முடிவுகட்டியிருந்தேன். அறுபது வயதில் அந்த முடிவை அச்சிலும் ஏற்றிவிட்டேன். ஏழு இடங்களில்.

தலைமை ஆசிரியரின் குழப்பத்தில் இன்னொரு முடிச்சும் இருந்தது. அந்த வருஷம் ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்னது சீமைக் கருவேலத்தை. அது அமெரிக்கக் கண்டத்து மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவரப்பட்டது. நாட்டுக் கருவேலம் வேறு மரம், நம்முடையது. பேச்சு வழக்கில் ‘சீமை’ உதிர்ந்துபோய் இரண்டுமே கருவேலமாகிவிட்டன. இந்தக் குட்டையில்தான் மூன்றாவதாக இமயமலை மரம் ஒன்றையும் நான் கொண்டுபோய்த் தள்ளியிருந்தேன்.

மாடியில் ஒரு வங்காளிப் பேராசிரியர் குடியிருந்தார். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கடிதத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நீங்கள் ஓக் மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா?” என்றார்.

“சில்வர் ஓக் பார்த்திருக்கிறேன் தாதா. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் முழுக்க அதுதானே.”

“அது ஓக் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, குடும்பமே வேறு. உங்கள் ஊர் மலைகளில் ஓக் கிடையாது. நீலகிரியில் இல்லை, பழனியில் இல்லை, கேரளத்தில் இல்லை, இலங்கையில் இல்லை. யாராவது கொண்டுவந்து தோட்டத்தில் நட்டிருந்தால் உண்டு. தானாக முளைத்தது ஒன்றுகூடக் கிடையாது.”

எனக்கு அது பெரிய செய்தியாக இருந்தது. தமிழில் ஓக்குக்கு வீட்டுப் பெயர் ஏன் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பார்க்காத மரத்துக்கு எந்தச் சனம் பெயர் வைக்கும்? வேதாகமத்தைப் பெயர்த்தவர்களுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அவர்கள் ஒன்றைப் பிடித்தார்கள். எனக்கும் ஒரு சொல் தேவைப்பட்டது.

இதில் விசித்திரம் என்னவென்றால், இமயமலையில் ஓக்கோடு தோளோடு தோள் நிற்கிற சிவப்புப் பூ மரமான ரோடோடெண்ட்ரான் நீலகிரியிலும் இருக்கிறது. தோழன் தெற்கே வந்துவிட்டான், ஓக் வரவில்லை. ஏன் என்று கேட்டேன். ரோடோடெண்ட்ரான் விதை பொடி, காற்றில் போகும்; ஓக்கின் காய் கனம், அணிலோ பறவையோ தூக்கிப்போனால்தான் உண்டு, காய்ந்தால் முளைப்புச் சக்தி செத்துவிடும், நடுவில் இத்தனை வறண்ட சமவெளியைத் தாண்டி எப்படி வரும் என்றார் பேராசிரியர். ஊகம்தான் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

“மரத்தைப் பார்க்காமல் பதில் எழுதாதீர்கள்” என்று முடித்தார். “இமயமலைக்குப் போக முடியாவிட்டால் ஷிப்பூருக்காவது போகலாம்.”

ஹௌராவில் ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில் ஷிப்பூர் தாவரவியல் பூங்கா இருக்கிறது. 1787இல் ராபர்ட் கிட் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி தொடங்கியது. 2009 முதல் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் பெயரைத் தாங்குகிறது. கொல்கத்தாவுக்கு வருகிற தமிழர்கள் தட்சிணேஸ்வரம், காளிகாட் முடித்துவிட்டு அங்கே போய் அந்தப் பிரம்மாண்ட ஆலமரத்தைப் பார்த்துத் திரும்புவார்கள். நானும் 1981இல் இந்த ஊருக்கு வேலைக்கு வந்ததிலிருந்து ஊரிலிருந்து வருகிற விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு இருபது தடவையாவது போயிருப்பேன். அதே வளாகத்தில் மத்திய தேசிய உலர்தாவரக் காப்பகம் இருப்பது எனக்குத் தெரியாது. காய்ந்த செடிகள் சுமார் 20 லட்சம் அங்கே தாள்களில் ஒட்டி அலமாரிகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. பேராசிரியர் முன்கூட்டியே அனுமதி கேட்டு எழுதினார். ஒரு புதன்கிழமை வித்யாசாகர் சேது வழியாகப் போனோம்.

உள்ளே ரசகற்பூர உருண்டை வாசனை, பாட்டியின் பட்டுப்புடவைப் பெட்டியைத் திறந்த மாதிரி. ஊழியர் ஓர் உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதில் குமாவுன் மலையில் பறித்த கிளை ஒன்று தாளில் தட்டையாக ஒட்டியிருந்தது. குமாவுன்காரர்கள் ‘பாஞ்ஜ்’ என்கிற ஓக். நான் ஏழு இடங்களில் கருவேலமாக்கிய மரம் இதுதான்.

கருவேலத்தின் இலையை உங்களுக்குத் தெரியும். சீப்பின் பற்கள் மாதிரி பொடிப்பொடியாக, ஒரு காம்பில் எத்தனையோ. காற்று புகுந்து போகிற இலை, நிழல் தராத இலை. இது அப்படியில்லை. ஒற்றை இலை, சுமார் விரல் நீளம், மாவிலையைக் குட்டையாக்கி ஓரத்தில் அரிவாள் பல் வெட்டியது போல. நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடி ஓரத்துப் பற்களுக்குப் போகின்றன. முள் கிடையாது. அப்சலோமின் முடி இதில் மாட்டியிருந்தால் அது அவனுடைய முடியின் பெருமையாகத்தான் இருக்கவேண்டும்.

மேல் பக்கம் கரும்பச்சையாக இருந்தது பழுப்பாகியிருந்தது. “திருப்பியிருக்கிற இலையைப் பாருங்கள்” என்றார் பேராசிரியர். தாளில் ஒட்டும்போது வேண்டுமென்றே ஓரிரண்டு இலைகளைப் புரட்டி ஒட்டுவார்களாம். அடிப்பக்கம் வெள்ளை. திருநீறு பூசிய மாதிரி வெள்ளை. லென்ஸை வைத்ததும் அந்த வெள்ளை முடியாக மாறியது. ஒரே புள்ளியிலிருந்து பல திசைகளில் கிளம்புகிற நுண்ணிய முடிகள், அடுத்த புள்ளியின் முடிகளோடு பின்னிக் கம்பளி விரித்திருந்தது.

இலை மூச்சு விடுகிற துளைகள் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. அந்தக் கம்பளிக்குள் காற்று அசையாமல் நிற்பதால் ஈரம் சட்டென்று பறிபோகாது. குமாவுனில் ஏப்ரல் முதல் மழை தொடங்கும் வரை நல்ல வறட்சி. அந்த வறட்சியில்தான் பாஞ்ஜ் புதுத் தளிர் விடுகிறது, பூக்கிறது. பழைய இலைகளும் அதே பருவத்தில்தான் உதிர்கின்றன. ஆனால் புதுசு வந்துகொண்டே இருப்பதால் மரம் மொட்டையாக நிற்பதில்லை. ஓர் இலையின் ஆயுள் ஏறக்குறைய ஒரு வருஷம்.

இமயமலை ஓக்குகளை அடையாளம் காண இலையைத் திருப்பிப் பார்ப்பதே வழி என்று பேராசிரியர் வரிசையாகக் காட்டினார். வெள்ளைக் கம்பளி என்றால் பாஞ்ஜ். அது சுமார் 1,200 மீட்டரிலிருந்து 2,300 மீட்டர் வரை. அதற்கு மேலே மோரு; அதன் அடிப்பக்கம் வழவழவென்று பச்சை. இன்னும் மேலே, பனி விழுகிற உயரத்தில் கர்சு. அடிப்பக்கம் துருவின் நிறம். கர்சுவின் விதை மழைக்காலத்தில் மரத்தை விட்டு விழும் முன்பே முளை விடத் தொடங்கும் என்றார். வங்காளத்துக்கும் சொந்தமாக ஓக் உண்டு, டார்ஜிலிங் மலையில். நேபாளிகள் அதை ‘புக்’ என்கிறார்கள், தாவரவியலில் குவெர்கஸ் லமெல்லோசா. அதன் தாளைப் பார்த்தபோது வாயடைத்துப் போனேன். ஒவ்வோர் இலையும் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. காயைத் தாங்குகிற கிண்ணத்தில் வளையம் வளையமாக வட்டங்கள், குயவன் சக்கரத்தில் விரல் வைத்து இழுத்தது போல. அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். என் கடன் பாஞ்ஜிடம்தான்.

கிண்ணம் என்றேன். ஓக் குடும்பத்தின் முத்திரை அதுதான். காய் ஒரு செதில் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும், தொப்பி போட்ட கொட்டைப்பாக்கு மாதிரி. பாஞ்ஜின் ஆண் பூக்கள் நூல் குஞ்சமாகத் தொங்கும். பெண் பூக்கள் இலைக்கக்கத்தில் கண்ணில் படாமல் இருக்கும். காற்றுதான் தரகன். அந்த வருஷம் பூத்த பூ அந்த வருஷமே காயாகி முதிர்வதில்லை. மறுவருஷம்தான் முதிர்கிறது. அதையும் குரங்கும் கரடியும் பறக்கும் அணிலும் கூன்வண்டும் தின்றது போக மிச்சம்தான் மண்ணுக்கு. வெட்டினால் மறுபடி வளர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லக்கூடிய மரம் அல்ல இது.

பெயர் விஷயத்தில் நான் தனியாள் இல்லை என்பதும் அன்றைக்குத் தெரிந்தது. தாளில் ஒரு பெயர் எழுதி, அதன்மேல் இன்னொரு சீட்டு ஒட்டி வேறு பெயர், அதன் பக்கத்தில் மூன்றாவது பெயர். முதல் பெயர் குவெர்கஸ் இன்கானா. வைத்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். 1776இல் மருத்துவராக சென்னைப் பட்டணத்துக்கு வந்தவர், ஆந்திரத்தில் சாமல்கோட்டில் தோட்டம் போட்டவர், 1793 முதல் இருபது வருஷம் இந்த ஷிப்பூர் தோட்டத்தை ஆண்டவர். செடிகளை ஓவியமாகத் தீட்ட இந்திய ஓவியர்களை வைத்திருந்தார். இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட அந்த ஓவியங்களின் ஒரு தொகுதி இன்றும் இங்கே இருக்கிறது. ஆனால் ஓவியர்களின் பெயர்களைத் தேடினால் கிடைப்பது அபூர்வம். செடிக்கெல்லாம் பெயர் வைத்த இடத்தில் மனிதர்களின் பெயர் விட்டுப்போனது.

ராக்ஸ்பர்க் 1815இல் எடின்பரோவில் இறந்துபோனார். அவருடைய கையெழுத்துப் பிரதி முழுமையாகப் புத்தகமானது 1832இல்தான். இதே நதிக்கரையில் சற்று மேலே, செராம்பூரில், வில்லியம் கேரியின் முயற்சியில். வேதாகமத்தை மொழி மொழியாக அச்சடித்த அதே கேரி. இன்கானா என்றால் நரைத்தது. நல்ல பெயர்தான். ஆனால் 1791லேயே பார்ட்ராம் என்பவர் அமெரிக்காவில் வேறொரு ஓக்குக்கு அதே பெயரை வைத்துவிட்டார். முந்தியவனுக்கே பெயர் என்பது தாவரவியல் சட்டம். ஆகவே 1930களில் எமே காமு என்ற பிரெஞ்சுப் பெண்மணி இதற்குக் குவெர்கஸ் லியூகோட்ரைக்கோஃபோரா என்று புதுப் பெயர் சூட்டினார். வாயில் நுழையாவிட்டாலும் பொருள் துல்லியம்: வெள்ளை முடி தாங்கியது. அதிலும் நிற்கவில்லை. டேவிட் டான் 1825லேயே நேபாளத்துச் செடிகளைப் பற்றிய நூலில் இந்த மரத்தை ஆப்லாங்கேட்டா என்று சொல்லிவிட்டார், அதுவே செல்லும் என்று இப்போது பலர் ஏற்கிறார்கள்.

“பார்த்தீர்களா, நிபுணர்களே இருநூறு வருஷமாகத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்” என்று கொஞ்சம் தெம்பாகச் சொன்னேன்.

“அவர்கள் மரத்தை மாற்றவில்லை” என்றார் பேராசிரியர்.

கிளம்பும் முன் இன்னொன்றையும் காட்டினார். தாளின் மூலையில் பழைய கையெழுத்து, மை செம்பழுப்பாக மங்கியிருந்தது. “இந்த மை எதிலிருந்து தெரியுமா? அந்தக் காலத்தில் மை பெரும்பாலும் மாஜுபலமும் இரும்பு உப்பும் கலந்து செய்வார்கள். மாஜுபலம் ஓக் மரத்தில் வருவது.” எனக்கு மாஜுபலம் தெரியவில்லை. படா பஜாரில் மருந்துச் சாமான் கடையில் கிடைக்கும் என்றார். அந்த வாரமே போய் வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்ததும் என் மனைவி எடுத்துப் பார்த்துவிட்டு, “மாசிக்காய்தானேங்க இது? இதுக்கா படா பஜார் வரைக்கும் போனீங்க? என் டப்பாவுலயே இருக்கே!” என்றாள்.

அவளுடைய உரைமருந்து டப்பாவில், வசம்புக்கும் ஜாதிக்காய்க்கும் கடுக்காய்க்கும் பக்கத்தில், சுண்டைக்காய் அளவில் முண்டுமுண்டாக மாசிக்காய். எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் அதைக் கல்லில் உரைத்து நாக்கில் தடவியிருக்கிறாள். எனக்கு என் அம்மா தடவியிருப்பாள். காய் என்று பெயரே தவிர அது காயல்ல. துருக்கி, ஈரான் பக்கத்து ஓக் மரம் ஒன்றின் இளங்கிளையில் ஒரு சிறு குளவி முட்டையிடும். புழுவைச் சுற்றி மரம் கட்டுகிற கோட்டைதான் மாசிக்காய். அதன் துவர்ப்புக்கு மருந்திலும் மையிலும் தோல் பதனிடுவதிலும் நூற்றாண்டுகளாக மதிப்பு. ஓக் மரத்தை எங்கள் ஊர் கண்டதில்லை என்பது உண்மை. ஆனால் எங்கள் ஊரில் பிறந்த குழந்தை பேச்சு வருவதற்கு முன்பே அதை ருசித்துவிடுகிறது.

பதில் எழுத இப்போது போதுமான விஷயம் இருந்தது. இருந்தும் எழுதவில்லை. மரம் வேறு என்று சொல்லலாம். ஆனால் அந்த மரம் இருந்தால் ஊற்று வற்றாதா என்பதுதானே பிள்ளைகளின் கேள்வி? அதற்கும் புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்லப்போகிறேனா? 2018 ஏப்ரலில் ஹௌராவிலிருந்து பாக் எக்ஸ்பிரஸ் பிடித்துக் காட்கோதாம் போய், அங்கிருந்து அல்மோரா, அங்கிருந்து பின்சர் காடு. மனைவியும் வந்தாள்.

வழியெல்லாம் பைன். நேராக, வரிசையாக, அடியில் புல்கூட அதிகமில்லாமல், சருகு ஊசிகள் வழுக்கிக்கொண்டு. அதன் பிசினுக்காகவும் பலகைக்காகவும் ஆங்கிலேயர் ஆட்சியில் பைனைப் பேணினார்கள். அது தீயையும் தாங்கும். 1921இல் குமாவுன் மலைவாசிகள் அரசாங்கக் காடுகளுக்குத் தீ வைத்தபோது எரிந்தவை பைன் காடுகள், ஓக் காடுகளை அநேகமாக அவர்கள் தொடவில்லை என்று ராமச்சந்திர குஹா எழுதியிருக்கிறார். கோபத்திலும் கணக்குத் தப்பவில்லை. விறகு, மாட்டுக்குத் தழை, தொழுவத்தில் விரிக்கச் சருகு, அந்தச் சருகிலிருந்து வயலுக்கு எரு, கலப்பைக்குக் கட்டை எல்லாம் பாஞ்ஜிலிருந்துதான். 1980இல் சமோலி மாவட்டத்தில் டூங்ரி-பைண்டோலி கிராமத்து ஓக் காட்டை அரசுக்குக் கொடுத்துவிடச் சம்மதித்தவர்கள் ஆண்கள். பதிலுக்குச் சாலை, பள்ளி, மருத்துவமனை வரும் என்றார்கள். பெண்கள் போய் நின்று தடுத்தார்கள். தழையும் தண்ணீரும் சுமந்தது அவர்கள் தலை அல்லவா?

பின்சரை நெருங்கும்போது பைன் நின்று பாஞ்ஜ் தொடங்கியது. வெளிச்சமே மாறியது. ரோடோடெண்ட்ரான் சிவப்பாகப் பூத்திருந்தது. பாஞ்ஜின் தளிர்கள் இளஞ்சிவப்பு; காற்று அடிக்கும்போது பழைய இலைகள் புரண்டு மலைச்சரிவே ஒரு கணம் வெள்ளையாகிப் பிறகு பச்சையானது. தாளில் ஒட்டிய அந்த ஒரே ஒரு திருப்பிய இலையை இப்போது ஆயிரம் ஆயிரமாகப் பார்த்தேன். அடிமரத்தில் பாசியும் பெரணியும். கால் வைத்தால் மண் அமுங்கியது. ஒரு குச்சியால் சருகைக் கிளறினேன். மேலே போன வருஷத்து இலை, அதன் கீழே பாதி மட்கியது, அதன் கீழே கறுப்பாக ஈரம். மழை கண்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

காட்டின் கீழே கிராமத்தில் நௌலா ஒன்று இருந்தது. ஊற்றின்மேல் கல்லால் சின்னக் கோயில் மாதிரி கட்டி உள்ளே படிவைத்த தொட்டி. தண்ணீர் முழங்கை ஆழம் இருந்தது. பாஞ்ஜ் வேரில் வருகிற தண்ணீர் குளிர்ச்சி என்று அங்கே எல்லோரும் சொல்கிறார்கள், குடித்தேன், குளிர்ச்சிதான். ஆனால் அரை மைல் தள்ளி, அதே பாஞ்ஜ் காட்டின் அடியில், இன்னொரு நௌலா வறண்டு கிடந்தது. தலைச்சுமையாகத் தழை கொண்டுவந்த ஒரு பெண்மணி, சாலை வெட்டிய பிறகு இதில் தண்ணீர் குறைந்தது என்றார். சாலைதான் காரணமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் சுமந்துவந்த தழையும் பாஞ்ஜ்தான். மேலே பல மரங்கள் கிளையெல்லாம் கழிக்கப்பட்டுக் கம்பம் மாதிரி நின்றன. தளிர் விடவே தெம்பில்லாத மரம் எங்கே காய்க்கப்போகிறது? மாட்டுக்கு வேறு தழை ஏது என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

திரும்பிவந்து பேராசிரியரிடம் வறண்ட நௌலாவைச் சொன்னேன். ஊற்று என்பது பாறையின் விரிசலும் சாய்வும் சேர்ந்து செய்கிற காரியம்; காடு செய்வது, விழுகிற மழை ஓடிவிடாமல் பிடித்து மெதுவாக உள்ளே இறக்குவது; பாறை ஒத்துழைக்காவிட்டால் காடு என்ன செய்யும் என்றார். ஆக, 11ஆம் பக்கத்து வாக்கியத்தில் மரத்தின் பெயர் மட்டும் தவறு அல்ல. ‘வற்றுவதில்லை’ என்பதும் அளவுக்கு மீறியது. மூலத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் ‘எளிதில் வற்றுவதில்லை’ என்ற பொருளில்தான் இருந்தது. ‘எளிதில்’ என் கையில் உதிர்ந்திருக்கிறது.

தலைமை ஆசிரியருக்கு ஒரு வருஷம் தாமதமாக ஆறு பக்கம் எழுதினேன். இரண்டு கருவேலத்தையும் பிரித்து எழுதினேன், கர்வாலி கதையையும் மறைக்கவில்லை. பின்சரில் உதிர்ந்து கிடந்த பாஞ்ஜ் இலைகள் நான்கைச் செய்தித்தாளில் வைத்து அழுத்தி எடுத்துவந்திருந்தேன். அவற்றையும், என் மனைவியின் டப்பாவிலிருந்து ஒரு மாசிக்காயையும் சேர்த்துப் பார்சல் செய்தேன். இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று எழுதினேன்.

இருபது நாளில் பதில் வந்தது. பிள்ளைகள் புத்தகத்தில் ஏழு இடங்களிலும் பேனாவால் அடித்துத் திருத்திவிட்டார்களாம். மாசிக்காய் எங்கள் வீட்டிலும் இருக்கிறது என்று வகுப்பில் பாதிப்பேர் கை தூக்கினார்களாம். கடைசியில் ஒரு மாணவி கேட்டதாக ஒரு வரி: எங்கள் ஊரில் மலை இல்லை, ஊற்று இல்லை, கண்மாய்தான் இருக்கிறது, பாஞ்ஜ் செய்கிற வேலையை இங்கே செய்கிற மரம் எது? அது இன்னும் இருக்கிறதா, அதையும் வெட்டிவிட்டோமா?

பேராசிரியரிடம் காட்டினேன். “இது ஷிப்பூரில் கிடைக்காது. அவர்கள் ஊரில் போய்த்தான் பார்க்கவேண்டும்” என்றார். 2020 மேயில் ஆம்பான் புயல் அடித்து ஷிப்பூரில் எத்தனையோ மரங்கள் சாய்ந்தன; ஆலமரத்துக்கும் அடி. அதற்குச் சில மாதங்கள் கழித்துப் பேராசிரியரும் போய்விட்டார். மாணவியின் கேள்வி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

தொண்டு நிறுவனத்துக்கும் எழுதினேன். மறுபதிப்பு வந்தால் திருத்துகிறோம் என்றார்கள். மறுபதிப்பு வரவில்லை. ஆகவே, இமயமலை ஊற்றுகளைப் பற்றிய 24 பக்கத் தமிழ்ப் புத்தகம் எந்தப் பள்ளி அலமாரியிலாவது உங்கள் கையில் அகப்பட்டால், ‘கருவேலமரம்’ என்று வரும் ஏழு இடங்களிலும் ‘பாஞ்ஜ்’ என்று திருத்திக்கொள்ளுங்கள். 11ஆம் பக்கத்தில், கீழிருந்து நான்காவது வரியில், ‘வற்றுவதில்லை’ என்பதற்கு முன்னால் ‘எளிதில்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.